நாத்தனார் குரலில் விழுந்த பொத்தல்கள்

பாப்பா பேச ஆரம்பித்தால் அந்த வீட்டில் யாராவது எழுந்து போய் ரேடியோவை நிறுத்திவிடுவார்கள். இரண்டையும் ஒன்றாக ஓடவிட வீட்டில் இடம் போதாது. பாப்பா என்றதும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்கிற வயது என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பத்து மூன்று வயது. வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் அண்ணன் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. டாக்ஸி கம்பெனியில் இருபது வருடமாக வண்டி அனுப்புகிற வேலை. ஒரு மேசை, ஒரு மைக், சுவரில் தெருக்களின் வரைபடம். "பதினாலாம் நம்பர், எங்கய்யா இருக்க? பாலத்துக்குக் கீழயா, கனவுக்குள்ளயா?" என்று அவள் கேட்டால், பதினாலாம் நம்பரோடு சேர்ந்து பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த நாலு வண்டியும் கிளம்பிவிடும்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையோடு சேர்த்து எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொன்னார். பாப்பா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. ரேடியோவை நிறுத்த யாரும் எழுந்திருக்கவும் இல்லை.

இந்தக் கதை பாப்பாவின் அண்ணியைப் பற்றியது. பாப்பாவின் அண்ணனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருடம். கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவர். வாய் அதிகம் திறக்காதவர். அந்த வீட்டின் பேச்சையெல்லாம் பாப்பாவே எடுத்துக்கொண்டதால் அவர் பங்குக்கு மிச்சம் விழவில்லை போலும். அந்தப் பேச்சில் பாதி அண்ணியைக் குத்துவதற்கே செலவானது. "அண்ணி, சாப்பாட்டுல உப்பு இல்லையே, மறந்துட்டீங்களா, இல்ல என்மேல கோவமா?" என்பாள். "கம்ப்யூட்டரைப் பாத்துப் பாத்து மனுஷ முகமே மறந்துபோச்சு அண்ணிக்கு. இதோ பாருங்க, நான்தான் உங்க நாத்தனார்" என்பாள். அண்ணி பதில் சொல்லமாட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு பாத்திரத்தைச் சற்று ஓங்கி வைப்பாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த சண்டை.

அண்ணிக்கு வேலை, பாப்பாவுக்கு வைத்தியம் நடந்த அதே மருத்துவமனையில். கணினிப் பிரிவில் ஸ்கிரிப்ட் எழுதுகிறவள். ஒரு அறையின் இயந்திரத்திலிருந்து இன்னோர் அறைக்குக் கோப்புகளை எடுத்துப் போவது, பெயர் வைப்பது, அடுக்கி வைப்பது என்று ஆள் செய்தால் ஒரு நாள் பிடிக்கிற வேலையை நாற்பது வரியில் எழுதி இயந்திரத்தையே செய்யவைப்பாள். அங்கே அவளுக்கு வடிகட்டி என்று பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் எடுக்கிற முதல் பாடத்தால் வந்த பெயர் அது.

"கோப்பைத் திறக்கிறதும் குழாயைத் திறக்கிறதும் ஒண்ணுதான்" என்று ஆரம்பிப்பாள். "குழாய் வாயில துணி கட்டலாம். துணிக்கு மேல டீ வடிகட்டி வைக்கலாம். அதெல்லாம் ஒவ்வொரு அடுக்கு. உள்ள வர்றது எல்லா அடுக்கையும் தாண்டித்தான் உன் கைக்கு வரும். நீ வெளிய ஊத்துறதும் அப்படித்தான். எழுத்துன்னா வடிகட்டு, நல்லதுதான். படமோ சத்தமோ வந்தா, கட்டியிருக்கிற எல்லாத்தையும் அவுத்துட்டுப் பச்சையா எடு. வாயில என்ன கட்டியிருக்குன்னு பாக்காம குழாயைத் திறக்காதே."

பத்து வருடமாக இதையே சொல்லிவந்தவள். அதனால்தான் பின்னால் நடந்தது அவளை அப்படி அடித்தது.

குரலை இழக்கப்போகிறவர்களுக்காக அந்த மருத்துவமனையில் ஒரு ஏற்பாடு உண்டு. ஆபரேஷனுக்கு முன்னால், சுவரெல்லாம் பஞ்சு அடித்த ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து வாக்கியங்களைப் பேசச் சொல்லிப் பதிவு செய்வார்கள். பிறகு ஒரு கையளவு கருவியில் அவற்றை ஏற்றிக் கொடுப்பார்கள். பொத்தானை அழுத்தினால் சொந்தக் குரலிலேயே அது பேசும். பாப்பா நான்கு நாள் அந்த அறையில் உட்கார்ந்து அறுநூற்று நாற்பது வாக்கியம் பேசினாள். ஐந்நூறு, மருத்துவமனை கொடுத்த பட்டியல். நூற்று நாற்பது, அவளாகவே எழுதிக்கொண்டு போனவை. பதிவைப் பார்த்துக்கொண்ட பெண்ணை எல்லோரும் பேச்சு டீச்சர் என்பார்கள். அவள் வெளியே வந்து அண்ணியிடம் சொன்னாளாம்: "அக்கா, உங்க நாத்தனார் மைக்கையே மிரட்டுறாங்க. ஊசி சிவப்புல போய் முட்டுது."

அந்தப் பதிவறைக்கு ஒரு வழக்கம். நோயாளிகளின் குரல் அங்கே கிடக்கக்கூடாது என்பதால், வெள்ளிக்கிழமை மாலை ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் பெரிய சேமிப்புக்கு எடுத்துப் போகும். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பதிவறை இயந்திரம் தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும். அந்த ஸ்கிரிப்ட் அண்ணி எழுதியது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் பேச்சு டீச்சர் ஒரு குறை சொல்லியிருந்தாள். வாக்கியப் பட்டியலிலிருந்து எடுத்த கோப்புப் பெயர்களின் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒட்டிக்கொண்டு வருகிறது, தேடினால் கிடைப்பதில்லை என்று. அண்ணிக்கு உடனே புரிந்துவிட்டது. பதிவறை இயந்திரம் பழைய ரகம். ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறி போடும். அண்ணியின் இயந்திரம் ஒன்றுதான் போடும். மிச்சமான ஒரு குறி பெயரில் ஒட்டிக்கொள்கிறது. அதற்கென்றே ஓர் அடுக்கு இருக்கிறது. படிக்கும்போது அந்த இரண்டு குறி சேர்ந்து வந்தால் முதல் குறியை விழுங்கிவிட்டு இரண்டாவதை மட்டும் உள்ளே விடும். பட்டியலைத் திறக்கிற அந்த ஓர் இடத்தில் அதைக் கட்டியிருக்க வேண்டும். அன்றைக்குப் பாப்பாவின் ரத்தப் பரிசோதனைக்குக் கூடப் போகவேண்டியிருந்தது. கணவர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதை ஸ்கிரிப்டின் தலையில் ஒரே வரியாகப் போட்டாள். இனி கீழே எந்தக் கோப்பைத் திறந்து படித்தாலும் இந்த அடுக்கு வழியாகத்தான் படி என்று பொருள்.

சத்தக் கோப்புகளும் அதற்குக் கீழேதான் இருந்தன. அவற்றைப் பச்சையாகத் திறக்கச் சொல்லி அவள் ஒருபோதும் எழுதியதில்லை. அதுவரை அந்தக் குழாயில் எதுவும் கட்டியிருக்கவில்லை, சொல்லவேண்டிய தேவையும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்கிரிப்ட் ஓடியது. அறுநூற்று நாற்பது கோப்பு போயிற்று, அறுநூற்று நாற்பது வந்துசேர்ந்தது. அவள் எண்ணிப் பார்த்தாள். கேட்டுப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பதிவறை துடைத்துக்கொண்டது. திங்கட்கிழமை பாப்பாவுக்கு ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் கை குலுக்கினார்.

புதன்கிழமை காலை பேச்சு டீச்சர் போன் செய்தாள். "அக்கா, கொஞ்சம் கீழ வர்றீங்களா? பாப்பாம்மா ஃபைல் எல்லாம் என்னவோ மாதிரி இருக்கு."

காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள் அண்ணி. பாப்பாவின் குரல் தெளிவாக ஆரம்பித்தது. "எனக்குத் தண்ணி வே…" அதற்குள் ஷ்ஷ்ஷ் என்று கொதிக்கிற எண்ணெயில் நீர் விழுந்தது போல இரைச்சல். ஒரு நொடி கழித்துச் சட்டென்று குரல் திரும்பி வந்தது: "…ஆறிப்போன தண்ணி வேண்டாம்." மறுபடியும் இரைச்சல். அடுத்த கோப்பு, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே.

"மைக் கோளாறா இருக்குமோ?" என்றாள் பேச்சு டீச்சர், பாவம், அவளுக்கே பயம்.

"மைக் இல்லம்மா" என்றாள் அண்ணி. அவளுக்கு முதல் இரைச்சலிலேயே தெரிந்துவிட்டது. எங்கே, எந்த வரி என்றுகூடத் தெரிந்துவிட்டது.

தன் இடத்துக்கு ஓடி வந்து முதல் கோப்பை எடிட்டரில் திறந்தாள். எழுத்துத் திருத்துகிற எடிட்டரில் சத்தத்தைத் திறந்தால் என்ன தெரியும்? கிறுக்கல்தான் தெரிந்தது. இருபது வருடப் பழக்கத்தில், மூடுவதற்கு முன் விரல் தானாகவே போய்ச் சேமிப்பை அழுத்தியது. அதை அவள் அப்போது கவனிக்கவே இல்லை.

ஒரு நப்பாசை இருந்தது. அந்த அடுக்கு வெளியே எழுதுகிற பக்கம் கட்டப்பட்டிருந்தால், கோப்பில் தேவையில்லாமல் குறிகள் கூடியிருக்கும். கூடியதை எடுத்துவிடலாம், ஒரு நிமிட வேலை. படிக்கிற பக்கம் கட்டப்பட்டிருந்தால் குறைந்திருக்கும். ஒவ்வொரு சத்தக் கோப்பின் நெற்றியிலும், உடம்பு எத்தனை பைட் நீளம் என்று எழுதிய சிறு சீட்டு உண்டு. அளந்துபார்த்தாள். ஒரு கோப்பின் நெற்றியில் இரண்டு லட்சத்து அறுபத்து நான்காயிரத்து அறுநூறு என்று இருந்தது. உடம்பில் இருந்தது இரண்டு லட்சத்து அறுபத்து நான்காயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்று ஏழு.

மூன்று குறைவு. இன்னொன்றில் ஐந்து. இன்னொன்றில் இரண்டு.

சத்தத்தில் வரி ஏது, வரி முடிவு ஏது? அங்கே எல்லாம் வெறும் எண்கள். பாப்பாவின் குரலில் எங்கேயோ தற்செயலாக, வரி முடிவுக் குறிகளுக்கு உரிய அந்த இரண்டு எண்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்த இடத்திலெல்லாம், அடுக்கு அதை வரி முடிவு என்று நினைத்து ஒன்றை விழுங்கியிருக்கிறது. ஒன்று போனால் என்ன என்று கேட்பீர்கள். வாசலில் நூறு ஜோடிச் செருப்பை வரிசையாக விட்டிருக்கிறார்கள், நடுவில் ஒற்றைச் செருப்பை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் இரண்டிரண்டாக எடுத்தால் எல்லாமே ஜோடி மாறித்தானே வரும்? சத்தமும் ஜோடி ஜோடியாகத்தான் எழுதியிருக்கும். ஒன்று தொலைந்த இடத்திலிருந்து இரைச்சல். இன்னொன்று தொலைந்தால் ஜோடி மறுபடி சேர்ந்து குரல்.

இயந்திரங்களையெல்லாம் பார்த்துக்கொள்கிற சர்வர் அண்ணனிடம் போய் நின்றாள். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"பதிவறை டிஸ்க்கிலேர்ந்து தோண்டி எடுக்க முடியுமா அண்ணே?"

"எப்படிம்மா? அது வெறுமனே அழிக்கிறதில்ல. துடைச்சு, மேல சுண்ணாம்பும் அடிச்சுடும். அந்த விதியையே நீயும் நானும் சேர்ந்துதானே போட்டோம்?"

"ஆமா."

"யாரோட ஃபைல்?"

சொன்னாள். வடிகட்டி என்று கூப்பிடுகிறவர், அன்றைக்கு அவளை அப்படிக் கூப்பிடவில்லை.

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை நிறுத்திவிட்டு ஈரக் காலோடு திரும்பினார்.

"நீ வேணும்னு செய்யலைன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

"நான் அதைக் கேக்கவே இல்லையே."

"இல்ல, நாளைக்கு நாலு பேரு…"

"அந்த நாலு பேருல முதல் ஆளு நீங்கதானா?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவள் அடுப்படியில் நின்றாள். பத்தொன்பது வருடத்தில் எத்தனை தடவை, "இந்த வாய் ஒரு நாளாவது ஓயாதா" என்று மனதுக்குள் நினைத்திருப்பாள்? அந்த நினைப்புத்தான் விரல் வழியாக அந்த வரியை எழுதிவிட்டதோ என்று ஒரு பயம் வந்தது. மனசாட்சிக்கு நியாயம் தெரியாது கண்ணுகளா. குற்றம் கிடைத்தால் போதும், பழையதையெல்லாம் கொண்டுவந்து அதன்மேல் கட்டிவிடும்.

பாப்பாவிடம் இப்போது சொல்லவேண்டாம் என்று கணவர் சொன்னார். வீட்டுக்கு அனுப்புகிற நாள்தான் கருவியைக் கையில் கொடுப்பார்கள். அதற்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

மறுநாள் எல்லாக் கோப்புகளையும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். பத்தாவது தடவை கேட்கும்போதுதான் ஒன்று பிடிபட்டது. இரைச்சல் ஆரம்பிக்கிற இடம் எதுவோ, அதுதான் ஒன்று தொலைந்த இடம். என்ன தொலைந்தது என்பதும் தெரியும். எப்போதும் அதே எண்தான். எங்கே என்பது மட்டும்தான் கேள்வி. அந்த இடத்தில் அதைத் திரும்ப வைத்துவிட்டால்? இரைச்சல் தொடங்கும் இடத்தை ஒட்டி ஏழெட்டு இடம் சந்தேகத்துக்கு உரியதாக இருந்தது. ஒவ்வொன்றிலும் வைத்துக் கேட்டாள். ஆறாவதில், வெட்டுப்பட்ட கயிறு முடிந்தது போல, குரல் சேர்ந்தது. அடுத்த பொத்தல்களையும் அப்படியே அடைத்ததும் அறுபடாமல் ஓடியது. "எனக்குத் தண்ணி வேணும். ஆறிப்போன தண்ணி வேண்டாம்."

மேசைமேல் தலையை வைத்துக்கொண்டாள்.

இந்த வேலையையும் இயந்திரத்திடமே கொடுத்துவிடலாமே என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் பார்த்தாள். அது சந்தேக இடங்களைக் காட்டியது, முடிவு சொல்லத்தான் தெரியவில்லை. இரைச்சல் எது, பாப்பாவின் "ச்சீ" எது, "உஸ்ஸ்" என்று அவள் மூச்சு விடுவது எது என்று அதற்குப் புரியவில்லை. நிஜக் குரலையே இரைச்சல் என்று நினைத்து வெட்டப் பார்த்தது. காதுதான் வேண்டும். அதுவும் அந்தக் குரலோடு பத்தொன்பது வருடம் குப்பை கொட்டிய காது வேண்டும். ஏறத்தாழ இரண்டாயிரம் பொத்தல். சாப்பாட்டு இடைவேளை, அதிகாலை, ஞாயிறு பகல் எல்லாவற்றையும் போட்டுக் கணக்குப் பார்த்தால் பற்றும் பற்றாமலும் வந்தது.

ஆரம்பித்தாள். பட்டியல் வாக்கியங்கள் அவ்வளவு துன்பம் தரவில்லை. "கதவைத் திறங்கள்." "மருந்து கசக்கிறது." பாப்பா சொந்தமாக எழுதிக்கொண்டுபோன நூற்று நாற்பதில்தான் தடுமாறினாள். "பதினாலாம் நம்பர், எங்கய்யா இருக்க?" அதையும் பதிந்திருக்கிறாள்! இனி மைக் முன்னால் உட்காரப்போவதில்லை என்று தெரிந்தும். "அண்ணி, உப்பு எங்க போச்சு?" இதைத் தைப்பதற்கு அண்ணி பதினொரு தடவை கேட்கவேண்டியிருந்தது. பதினொரு தடவையும் குத்தியது. பன்னிரண்டாவது தடவை, வேலை முடிந்த பிறகு, சும்மா ஒருமுறை கேட்டாள்.

ஏழாம் நாள் இருநூற்றுப் பத்தாவது கோப்புக்கு வந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு? அண்ணனைக் கேட்டா பூசி மெழுகிடுவான். அண்ணி, நீங்க…" ஷ்ஷ்ஷ்.

பொத்தலைத் தேடினாள். நான்காவது இடத்தில் பொருந்தியது.

"…அண்ணி, நீங்க சொல்லுங்க. நீங்க ஒருத்திதான் எனக்கு இனிப்பு தடவிக் குடுக்காத ஆளு."

அண்ணி காதிலிருந்து கழற்றி வைத்தாள். எழுந்து போய் முகத்தைக் கழுவினாள். வந்து மறுபடி கேட்டாள். பிறகு கணவரிடம் கேட்காமலே, சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்கு வார்டுக்குப் போனாள்.

பாப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் துளை, துளையில் குழாய், மூச்சு அது வழியாகத்தான். மடியில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும். அண்ணியைப் பார்த்ததும் எழுதிக் காட்டினாள்: "என்ன, மூஞ்சி இப்படி? எனக்கா ஆபரேஷன், உங்களுக்கா?"

"பாப்பா, ஒண்ணு சொல்லணும்" என்றாள் அண்ணி. உட்காரவில்லை. "உன் குரலைக் கெடுத்துட்டேன். நீ பதிஞ்சதெல்லாம். என் ஸ்கிரிப்ட்ல ஒரு வரி தப்பு. எல்லாத்துலயும் இரைச்சல். மூலப் பதிவு அழிஞ்சுபோச்சு. கையால ஒவ்வொண்ணா, பொத்தல் தைக்கிற மாதிரி சரி பண்ணிட்டு இருக்கேன். மூணுல ஒரு பங்குதான் முடிஞ்சிருக்கு. நாள் பத்துமான்னு தெரியல."

பாப்பாவின் பேனா பலகைமேல் நின்றது. எழுதவில்லை. அவள் முகத்தில் எதுவும் ஓடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. குழாய் வழியாக மூச்சு மட்டும் வந்துபோயிற்று. கடைசியில் ஒரே வரி எழுதினாள்.

"உங்களுக்கு நிம்மதியா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் அண்ணி. சொல்ல முடியவில்லை. இனிப்பு தடவாத ஆள் என்று அந்தக் குரல் சொன்னது காதிலேயே இருந்தது.

"அந்த இரைச்சலைக் கேட்ட நாள்ல இல்ல. ஆனா முன்னாடி எத்தனையோ நாள், நீ கொஞ்சம் வாயை மூடினா நல்லா இருக்கும்னு நினைச்சிருக்கேன்."

பாப்பா பலகையைத் துடைத்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பார்வையாளர் நேரம் முடிகிறவரை திரும்பவே இல்லை.

அடுத்த இரண்டு நாள் அண்ணி பொத்தல் தைத்தாள், சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கணவர் வார்டிலிருந்து வந்து ஒரு காகிதத்தை நீட்டினார். "பாப்பா குடுத்தா. என்ன சண்டை உங்களுக்குள்ள?" காகிதத்தில் பாப்பாவின் கோணல் எழுத்து: "நீங்கள் தைக்கிற லட்சணத்தை நான் பார்க்க வேண்டும். அந்தப் பெட்டியை இங்கே கொண்டுவாருங்கள்."

மடிக்கணினியோடு போனாள். பாப்பா காதில் மாட்டிக்கொண்டாள். தன் குரலை, அதுவும் துண்டு துண்டாக, ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாகக் கேட்டாள். கண் சிவந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை. கையை உயர்த்தி, மறுபடி போடு என்று சைகை காட்டினாள். இரண்டாவது தடவை ஒரு விரலைச் சட்டென்று நீட்டினாள். அண்ணி அந்த இடத்தில் வைத்தாள். முதல் தடவையிலேயே பொருந்தியது.

"எப்படி பாப்பா?"

பாப்பா எழுதினாள்: "இருபது வருஷம் நான் கேட்டதே இரைச்சல்தான். சுரங்கப் பாதையில் மாட்டின வண்டி, மழையில் நின்ன வண்டி, எல்லாம் ஷ்ஷ்னுதான் பேசும். எந்த இடத்துல ஆள் முழுகுறான்னு எனக்குத் தெரியாதா?"

அதற்கப்புறம் தினமும் பார்வையாளர் நேரம் முழுக்க அப்படியே போயிற்று. ஒரு காது பாப்பாவுக்கு, ஒரு காது அண்ணிக்கு. பாப்பாவின் விரல் நீளும், அண்ணியின் விரல் தட்டும். நர்ஸ் ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு, "அக்கா தங்கச்சியா?" என்றாள். பாப்பா வேகமாகப் பலகையை எடுத்து, "அவ்வளவு கெட்ட பேர் எனக்கு வேண்டாம்" என்று எழுதிக் காட்டினாள். ஆனால் அவர்களுக்குள் சமாதானம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வேலை இல்லாத நேரத்தில் பாப்பா அண்ணியை நிமிர்ந்து பார்க்கமாட்டாள். "நிம்மதியா இருந்துச்சா" என்ற கேள்வி இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவது ஆளாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்குப் போவதற்கு முதல் நாள் அறுநூற்று முப்பத்தொன்பது முடிந்தது.

முடியாமல் நின்றது முதல் கோப்பு. அண்ணி அதைக் கடைசிக்கு வைத்திருந்தாள் என்பதைவிட, தொடப் பயந்திருந்தாள் என்பதுதான் சரி. அன்றைக்குக் கிறுக்கலாகத் தெரிந்த அதைக் கை பழக்கத்தில் சேமித்து மூடியதை நாலாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். எடிட்டர் தனக்குப் புரியாத எண்ணையெல்லாம் ஒரே குறியாக மாற்றி எழுதியிருந்தது. அதில் பொத்தல் இல்லை, தைப்பதற்கு. துணியே இல்லை. முதலிலிருந்து முடிவுவரை ஒரே இரைச்சல்.

பட்டியலில் முதல் கோப்புக்கு நேரே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பேச்சு டீச்சர், "நீங்க அடிக்கடி சொல்ற வார்த்தையை முதல்ல சொல்லுங்க" என்றாளாம். பாப்பா யோசிக்கவே இல்லையாம். ஒன்று: அண்ணி. இரண்டு: அண்ணா.

"பாப்பா, இது ஒண்ணு போச்சு" என்றாள். "இதை நான் ரெண்டாவது தடவை கெடுத்தேன். பதட்டத்துல." பாப்பாவின் முகத்தைப் பார்க்காமலே அவசரமாகச் சொல்லிக்கொண்டு போனாள். "ஆனா வேற வழி இருக்கு. மத்த வாக்கியத்துல எத்தனையோ இடத்துல அண்ணின்னு சொல்லியிருக்க. உப்பு வாக்கியத்துலேர்ந்து அதை மட்டும் வெட்டி எடுத்து இங்க வெச்சுடலாம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

பாப்பா காதைக் காட்டினாள். போடு என்றாள் சைகையில்.

"எதை? அது வெறும் இரைச்சல்."

போடு.

போட்டாள். ஷ்ஷ்ஷ். ஒரு நொடிக்கும் கொஞ்சம் அதிகம். பாப்பா கண்ணை மூடிக் கேட்டாள். அதற்குள் ஏதாவது வண்டி மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுகிறவளைப் போல. பிறகு பலகையை எடுத்தாள். நிதானமாக எழுதினாள்.

"வெட்டி ஒட்ட வேண்டாம். இது இப்படியே இருக்கட்டும்."

"இப்படியேன்னா? பொத்தானை அழுத்தினா இரைச்சல்தான் வரும்."

"வரட்டும். மத்தவங்களை என் குரல்ல கூப்பிடுறேன். உங்களை இதுல."

"பாப்பா, வேணாம். தினமும் நான் அதைக் கேக்கணுமா?"

பாப்பா பேனாவை மூடி வைத்தாள். நீண்ட நாளுக்குப் பிறகு அண்ணியை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது கோபமா, பழைய குறும்பா என்று அண்ணிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பாப்பாவின் குரல் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் எதைச் சொன்னாலும் அதற்குள் எது விஷம், எது விளையாட்டு என்று குரல்தான் காட்டிக்கொடுக்கும்.

மறுநாள் கருவி கைக்கு வந்தது. வாசலில் நின்ற டாக்ஸியின் கண்ணாடிக்குப் பக்கத்தில் அதைப் பிடித்து, பாப்பா ஒரு பொத்தானை அழுத்தினாள். "பதினாலாம் நம்பர், எங்கய்யா இருக்க?" ஓட்டி வந்தவர் பதினாலாம் நம்பரேதான். ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். கணவர் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்த அண்ணி, அந்தக் குரல் எங்கேயாவது அறுபடுகிறதா என்று மட்டும் கேட்டாள். அறுபடவில்லை. "பாலத்துக்குக் கீழயா, கனவுக்குள்ளயா?" என்ற இடத்தில் மூன்று தையல் இருந்தது. அது அவளுக்கு மட்டும் தெரியும்.

அண்ணி இப்போதும் அந்த மருத்துவமனையில்தான் வேலை செய்கிறாள். ஸ்கிரிப்டின் தலையில் இருந்த வரியை எடுத்துவிட்டாள். ஒவ்வொரு சத்தக் கோப்பையும் திறக்கிற இடத்தில், பச்சையாகத் திற என்று தனித்தனியாக எழுதியிருக்கிறாள். எண்ணிப் பார்ப்பதோடு, பத்தில் ஒன்றைக் காதில் மாட்டிக் கேட்டும் பார்க்கிறாள். சர்வர் அண்ணன் மறுபடி அவளை வடிகட்டி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடத்தை இப்போது வேறு ஒருவர் எடுக்கிறார்; அண்ணி அந்த நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவாள்.

வீட்டில், மாலையில், அவள் வேலை மேசையில் குனிந்திருக்கும்போது முன்னறையிலிருந்து அது வரும். ஷ்ஷ்ஷ். ஒரு நொடிக்கும் கொஞ்சம் அதிகம். கணவர் ரேடியோவை நிறுத்துவார்.

அண்ணி கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து போவாள். தண்ணீர் வேண்டுமா, உப்புக் குறையா, இல்லை சும்மாதானா என்று போன பிறகுதான் தெரியும்.